உங்கள் பெயரில் யாரோ செலவு செய்கிறார்கள்!

"கார்டு விஷயமெல்லாம் எங்க வீட்டுக்காரர் பாத்துக்கறார், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சகோதரிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அப்படிச் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடிந்தது. இப்போது நிலைமை வேறு. மளிகை, பால், குழந்தைக்கு டயப்பர், பள்ளிக்கூட வேன் பணம், காஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் பணம் நம் கையிலிருக்கும் போன் வழியாகத்தான் போகிறது. கணவரின் கிரெடிட் கார்டோடு சேர்த்து மனைவி பெயரிலும் ஒரு கார்டு வந்துவிடுகிறது. இது நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, திருடனுக்கு நன்றாகத் தெரியும். அவன் இப்போதெல்லாம் இரவில் ஓடு பிரித்து இறங்குவதில்லை. பகல் பதினொரு மணிக்கு, அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரமாகப் பார்த்து, "மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று மரியாதையாகப் போன் செய்கிறான்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்கு அப்படித்தான் வந்தது. கைக்குழந்தைக்காரி. பிரசவத்துக்கு முன்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது வாங்கிய கிரெடிட் கார்டு அவளிடம் இருந்தது. "உங்க கார்டுல 8,200 ரிவார்ட் பாயிண்ட் சேர்ந்திருக்கு மேடம். இன்னிக்கு ராத்திரியோட காலாவதி ஆயிடும். பணமா மாத்தி உங்க கணக்கிலேயே போட்டுடறோம்" என்றான். அவளுடைய முழுப் பெயர், கார்டின் கடைசி 4 எண்கள், பிறந்த தேதி மூன்றையும் அவனே சொன்னான். இத்தனை சொல்கிறவன் பாங்க் ஆளாகத்தானே இருக்க வேண்டும் என்று அவள் நினைத்ததில் என்ன ஆச்சரியம்? இடுப்பில் குழந்தை அலறுகிறது. போனில் 6 எண்கள் வந்தன. "அந்த நம்பரைச் சொல்லுங்க, உடனே முடிச்சுடலாம்" என்றான். சொன்னாள். இரண்டாவது தடவையும் எண் வந்தது. "முதல்ல வந்தது சரியா பதிவாகலை" என்றான். அதையும் சொன்னாள். 24,500 ரூபாயும் 18,900 ரூபாயும் போயிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. குறுஞ்செய்தியைப் படித்து விஷயம் புரிந்தவுடன் அவள் பாங்குக்குப் போன் செய்யவில்லை. உட்கார்ந்து அழுதாள். கீழே வந்து என்னிடம் சொன்னபோது அரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. "அக்கா, அவருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ? எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். சாயங்காலம் அவர் வந்ததும் பக்குவமா சொல்லிக்கலாம்னு பாக்கறேன்" என்றாள்.

சாயங்காலம்! திருடன் கையில் விழுந்த பணம் சாயங்காலம் வரை ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்குமா? ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அங்கிருந்து நாலு, அப்புறம் எங்கேயோ ஒரு ஏ.டி.எம்.மில் ரொக்கமாக வெளியே போய்விடும். அவன் நம்பியிருப்பது தன் சாமர்த்தியத்தைக்கூட அல்ல. நம்முடைய பயத்தையும் வெட்கத்தையும்தான். ஏமாந்தவளைத் திட்டுகிற வீடு திருடனுக்கு இலவசமாக ஆறு மணி நேரம் வாங்கிக் கொடுக்கிறது. வீட்டிலுள்ள ஆண்களும் பெரியவர்களும் இதைப் படித்தால் நல்லது.

முதலில் கார்டின் பின்பக்கத்தில் இருந்த எண்ணுக்குப் பேசிக் கார்டை முடக்கச் சொன்னோம். அடுத்து 1930. இது இணையக் குற்றங்களில் பணம் பறிகொடுத்தவர்களுக்காக மத்திய உள்துறை நடத்தும் உதவி எண். நாடு முழுவதற்கும் ஒன்றுதான். எந்த பாங்க், எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்கிறார்கள். ஆகவே அந்தக் குறுஞ்செய்தியை அவமானம் என்று அழித்துவிடக் கூடாது. நாம் கொடுக்கும் விவரம் பணம் போய்ச் சேர்ந்திருக்கும் பாங்குக்கு உடனே அனுப்பப்படுகிறது. பணம் அங்கே இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். இதே புகாரை அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். அந்தப் பெண்ணின் விஷயத்தில் 24,500 ரூபாய் பாதி வழியில் நிறுத்தப்பட்டு, சில வாரம் கழித்துத் திரும்பி வந்தது. மற்ற தொகைக்குப் பரிசு கூப்பன் வாங்கி அப்போதே பயன்படுத்திவிட்டார்களாம். அது போனது போனதுதான்.

கணவர் என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? "சாப்டியா?" என்றுதான் முதலில் கேட்டாராம். நாம்தான் எதையெதையோ கற்பனை செய்துகொண்டு பயப்படுகிறோம்.

நம் பெயரும் பிறந்த தேதியும் அவனுக்கு எப்படித் தெரிந்தன என்பது அடுத்த கேள்வி. கடைகளில் பில் போடும்போது போன் நம்பர் கொடுக்கிறோம். குலுக்கல் என்று பெட்டி வைத்திருந்தால் முகவரி, பிறந்த தேதி, திருமண நாள் எல்லாம் எழுதிப் போடுகிறோம். குழந்தை பிறந்த மறு நிமிஷம் ஆஸ்பத்திரிப் பெயர், நேரம், எடை சகிதம் படம் போட்டு உலகத்துக்கே அறிவிக்கிறோம். பிறகு அதே தேதியை 4 எண் ரகசிய எண்ணாகவும் வைத்துக்கொள்கிறோம்! இப்படிச் சிதறிக் கிடப்பவற்றைப் பட்டியலாக்கி விற்கிறவர்களும் உண்டு. ஆகவே ஒருவன் நம் விவரங்களைச் சரியாகச் சொல்கிறான் என்பதால் அவன் பாங்க் ஆளாகிவிட மாட்டான். உண்மையான பாங்க் ஊழியருக்கு நம் ஓ.டி.பி. தேவையே இல்லை. அது பூட்டைத் திறக்கிற சாவி. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்து நம் கையில் கொடுக்கிறார்கள். கார்டின் பின்னால் உள்ள 3 எண்களும் அப்படியே. தவிர, ஓ.டி.பி. வந்த செய்தியிலேயே எத்தனை ரூபாய், எந்தக் கடைக்கு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். எண்ணை மட்டும் பார்க்காமல் அந்த வரியையும் படியுங்கள். பணம் வரப்போகிறது என்று அவன் சொல்ல, பணம் போகப்போகிறது என்று செய்தி சொல்லும்.

யு.பி.ஐ. விஷயத்திலும் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழைத்தோம்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. பழைய கட்டிலையோ குழந்தையின் தொட்டிலையோ விற்கப் போகிறீர்கள். வாங்குகிறவர், "அட்வான்ஸ் அனுப்பறேன், இந்தக் கோடு போட்ட சதுரத்தை ஸ்கேன் பண்ணி உங்க பின் போடுங்க" என்கிறார். போட்டீர்களானால் நீங்கள்தான் அவருக்குப் பணம் அனுப்பியவர். தொட்டிலும் வீட்டிலேயே இருக்கும்.

தாய்மார்களைக் குறி வைத்து இன்னொரு வகை உண்டு. நம் மாநிலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தவணைகளாகப் பணம் வருகிறதல்லவா? அது நேரே பாங்க் கணக்குக்குத்தான் வரும். "அங்கன்வாடியிலிருந்து பேசுகிறோம், உங்க தவணை நிற்கிறது, லிங்க் அனுப்பறோம், அழுத்துங்க" என்று எவனாவது சொன்னால், "நாளைக்கு நேர்ல வந்து சிஸ்டரைப் பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். "இன்று இரவு 9.30-க்கு உங்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று வரும் செய்தியும் இதே ரகம். இருட்டில் குழந்தையோடு என்ன செய்வது என்று நாம் பதறுவோம் என்பதுதான் அவன் கணக்கு. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும், வண்டிக்கு அபராதம் என்றும் வரும் கோப்புகளில் பெயரின் கடைசியில் "ஏ.பி.கே." என்று இருந்தால் தொடவே வேண்டாம். அது பத்திரிகை அல்ல, நம் போனுக்குள் குடியேற வருகிற ஒற்றன். உட்கார்ந்துகொண்டு நமக்கு வரும் ஓ.டி.பி.யையெல்லாம் அவனுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் பெயரிலிருந்தே வந்தாலும் போன் செய்து கேட்டுவிட்டுத் திறங்கள். அவருடைய போனும் மாட்டியிருக்கலாம்.

பாங்கின் உதவி எண்ணை அவசரத்தில் இணையத்தில் தேடுவது ஆபத்து. பொய் எண்களை அங்கே விதைத்து வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்னால் இருக்கும் எண்ணே சரியானது. ஆனால் கார்டு தொலைந்தால் எண்ணும் சேர்ந்தல்லவா தொலைகிறது? நான் எங்கள் வீட்டுக் காலண்டர் அட்டையில், காஸ் ஏஜென்சி நம்பருக்குக் கீழே, பாங்கின் எண்ணையும் 1930-ஐயும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். ரகசிய எண்ணை மட்டும் எழுதக் கூடாது. அரிசி டிரம்மின் மூடிக்கு உள்பக்கம் எழுதி வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். கார்டு உறையிலேயே எழுதியிருப்பவர்களும் உண்டு. பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது இதைவிடத் தேவலை.

ஏ.டி.எம்.மில் "நான் எடுத்துத் தர்றேம்மா" என்று உதவ வருகிறவர்களிடம் கார்டைக் கொடுக்காதீர்கள், குறிப்பாக நம் மாமியார், அம்மா வயதுப் பெண்மணிகள். ரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, அதே நிறத்தில் வேறொரு கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது வேறு யாரோ பெயரில் இருப்பது தெரியும். எண்களை அழுத்தும்போது மற்றக் கையால் மறைத்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம். கடையிலும் பெட்ரோல் பங்கிலும் கார்டு நம் கண்ணை விட்டு உள்ளே போகக் கூடாது. மெஷினை நம்மிடம் கொண்டுவரச் சொல்லலாம்.

கார்டுக்குள்ளேயே இருக்கும் தாழ்ப்பாள்கள் பலருக்குத் தெரிவதில்லை. ரிசர்வ் பாங்க் உத்தரவுப்படி 2020 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு கார்டிலும் இணைய உபயோகம், வெளிநாட்டு உபயோகம், தட்டினாலே பணம் போகும் வசதி ஆகியவற்றை நாமே திறக்கவும் மூடவும், தொகைக்கு வரம்பு வைக்கவும் முடியும். பாங்க் செயலியில் போய்ப் பாருங்கள். நாம் சீமைக்கா போகிறோம்? வெளிநாட்டு உபயோகத்தை மூடிவிடலாம். வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓ.டி.பி. கேட்காமலே பணம் எடுத்துவிடுவார்கள் என்பதால் இது முக்கியம். தட்டினால் போகும் வசதியில் 5,000 ரூபாய் வரை ரகசிய எண் வேண்டாம். கூட்டத்தில் பர்ஸ் தொலைந்தால் என்ன ஆகும் என்று யோசித்து, வேண்டுமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் மூடித்தான் வைத்திருக்கிறேன்.

இதுவரை சொன்னது கையிலிருக்கும் கார்டைப் பற்றி. நம் பெயரையே திருடிக்கொண்டு போய்க் கடன் வாங்குவது இன்னொரு விதம். இது வெளியே தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

என் நாத்தனார் கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து பையனைப் படிக்க வைத்தார். பையனுக்கு இன்ஜினியரிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கல்விக் கடனுக்குத் தாயும் மகனும் சேர்ந்து மனுப் போட்டார்கள். "உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு கடன் பாக்கி நிக்குதே அம்மா" என்றார் அதிகாரி. ஒன்று, அவர் கால் வைத்தே இராத ஓர் ஊரில் செல்போன் வாங்க எடுத்த 32,000 ரூபாய்க் கடன். இன்னொன்று, ஏதோ செயலி மூலம் எடுத்த சின்னக் கடன். வாழ்க்கையில் கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் தவிர வேறெதுவும் வாங்கியறியாதவர் அவர். "என் பேர்ல யாருண்ணே வாங்கினா?" என்று அவர் என் கணவரிடம் கேட்டபோது எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவருடைய ஆதார், பான் கார்டு நகல்கள் எங்கிருந்து போயின என்பது தெரியாமலே போய்விட்டது. வாடகை ஒப்பந்தத்துக்கு ஒன்று, சிம் கார்டுக்கு ஒன்று, நகைச்சீட்டுக்கு ஒன்று என்று எத்தனை இடத்தில் கொடுத்திருக்கிறோம்! ஜெராக்ஸ் கடையை நினைத்துப் பாருங்கள். "வாட்ஸ்அப்ல அனுப்புங்கக்கா, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்கிறார் கடைத் தம்பி. அனுப்புகிறோம், காகிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ஆதார் அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. தம்பி நல்லவர்தான், ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் நாளைக்கு யார் உட்காருவார்கள்? பிரிண்ட் எடுத்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். நகலின் குறுக்கே, எழுத்துகள் மறையாதபடி, "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று காரணமும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த நகலை வேறு காரியத்துக்குக் கொண்டுபோவது கஷ்டம். முழு ஆதார் எண் அவசியமில்லாத இடங்களுக்கு, கடைசி 4 எண்கள் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கே உண்டு. ரேஷன் கடை போன்ற இடத்தில் கைரேகை வைக்க வேண்டியிருந்தால் திறந்துவிட்டுத் திரும்பப் பூட்டிக்கொள்ள வேண்டும். சந்தேகம் கேட்க 1947 என்ற எண் இருக்கிறது. சுதந்திரம் வந்த வருஷம், மறக்காது.

பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் கட்டையும் ஒரு பார்வை பாருங்கள். பாங்க் ஸ்டேட்மெண்ட், ஆஸ்பத்திரி பில், பார்சல் அட்டையில் ஒட்டிய பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். பார்சல் ஒட்டுச்சீட்டின் மேல் துளி தண்ணீரைத் தடவி உரித்தால் வந்துவிடும். எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கு அதுவே விளையாட்டு.

நாத்தனார் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று 4 நிறுவனங்கள் நம் ஒவ்வொருவருடைய கடன் ஜாதகத்தையும் வைத்திருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் பாங்க் விதி. என் மகன் உட்கார்ந்து நாலிலும் எடுத்துக் கொடுத்தான். தவறான பதிவைச் சுட்டிக்காட்டி மறுப்புத் தெரிவித்தோம். கடன் கொடுத்த நிறுவனங்களுக்கும் எழுதினோம். காவல்துறையில் புகார் கொடுத்து ரசீது வாங்கி அதையும் இணைத்தோம். கடன் மனுவில் இருந்த கையெழுத்தும் போட்டோவும் நாத்தனாருடையவை அல்ல என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மறுப்பை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதிய பிறகுதான் காகிதங்கள் நகர்ந்தன. இரண்டு பதிவுகளும் நீங்கின. ஆனால் அதற்குள் கல்லூரியில் முதல் தவணை கட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. நாத்தனார் தன் இரண்டு வளையல்களை அடகு வைத்துத்தான் கட்டினார். கல்விக் கடன் பிறகு கிடைத்து, வளையல்களும் மீண்டன.

ஆகவே வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் கடன் அறிக்கையை அந்த வருஷ ஆரம்பத்திலேயே எடுத்துப் பார்த்துவிடுங்கள். அப்படியே, நம் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் ஓடுகின்றன என்பதையும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்க்கலாம். நமக்குச் சம்பந்தமில்லாத எண் இருந்தால் அங்கேயே "இது என்னுடையதல்ல" என்று குறித்துவிடலாம். நம் போனில் திடீரென்று சிக்னல் செத்துப்போய், பக்கத்து வீட்டில் அதே கம்பெனி சிம் வேலை செய்தால், அதையும் சாதாரணமாக விடாதீர்கள். நம் எண்ணுக்கு வேறு எவனோ சிம் வாங்கியிருக்கலாம். இன்னொரு போனிலிருந்து கம்பெனிக்கும் பாங்குக்கும் பேசுங்கள்.

"உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருந்தது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், காமிரா முன்னாலிருந்து நகரக் கூடாது" என்று போலீஸ் உடுப்பில் மிரட்டுகிறவனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்குப் பேசலாம்.

போன பணத்துக்கு யார் பொறுப்பு என்பதை 2017 ஜூலையில் ரிசர்வ் பாங்க் வெளியிட்ட சுற்றறிக்கை பிரித்துச் சொன்னது. நம் மேலும் பாங்க் மேலும் தவறில்லாமல், நடுவில் எங்கோ நடந்த திருட்டானால், பாங்கிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. 4 முதல் 7 நாட்களானால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கும் நம் பங்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால், பாங்குக்குத் தகவல் சொல்லும் நிமிஷம் வரை போனது நம்முடையது. அதற்குப் பிறகு போவது பாங்கினுடையது. விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, உங்கள் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டை முடக்கச் சொல்லும்போது புகார் எண்ணை வாங்கி, நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

மாதாமாதம் வரும் கார்டு கணக்கை மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். பால் கணக்குப் பார்க்கிற மாதிரி வரி வரியாகப் பாருங்கள். சில திருடர்கள் முதலில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எடுத்துப் பார்ப்பார்கள். யாரும் கேட்கவில்லை என்றால் பிறகு பெரிதாக எடுப்பார்கள். கேட்காமலே கார்டு அனுப்பி வைக்கும் பாங்குகளும் உண்டு; அது விதிக்குப் புறம்பு, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். உபயோகிக்காத கார்டை மூடச் சொல்லி எழுதினால், பாக்கி ஏதும் இல்லாதபோது 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும் என்று 2022-ல் விதி வந்தது. மூடிய கார்டைக் கத்தரிக்கோலால் அந்தச் சில்லு வழியாகக் குறுக்கே வெட்டிப் போடுங்கள். புகார் கொடுத்து 30 நாட்களாகியும் பாங்க் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் கிடையாது.